பிசுபிசுக்கும் கதவு, இறங்கிய கீல், உப்பிய பலகை: கேபினெட் கேள்வி பதில்

கேள்வி: அடுப்புக்கு மேலே இருக்கும் கேபினெட் கதவெல்லாம் தொட்டால் ஒட்டுது. சோப்புத் தண்ணி போட்டுத் துடைச்சாலும் மறுநாளே பழையபடி பிசுபிசுப்பு. கதவு மைக்கா ஒட்டினது.

பதில்: எண்ணெய் ஆவி நாள்பட நாள்பட இறுகிப் பிசின் மாதிரி ஆகிவிடும். அது ஊறித்தான் வரும், தேய்த்தால் வராது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி போதும். துணியை அதில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கதவின் மேல் ஐந்து நிமிடம் அப்பி வையுங்கள். பிறகு துடைத்து, வெறும் தண்ணீரில் பிழிந்த இன்னொரு துணியால் சோப்பை எடுத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றிவிடுங்கள். உங்களுக்கு மறுநாளே ஒட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த இரண்டாவது துணி இல்லாததுதான். தங்கிப்போன சோப்புப் படலமே தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

பச்சை நார் வேண்டாம். பளபளப்பான பரப்பில் சமையல் சோடாவும் கீறல் போடும். அக்ரிலிக் கதவென்றால் தின்னரை அண்டவே விடாதீர்கள். மயிரிழை விரிசல் விட்டுவிடும்.

கேள்வி: பாலிஷ் போட்ட மரக் கதவுக்கு வினிகர் நல்லதுன்னு சொல்றாங்களே?

பதில்: எண்ணெய்ப் பிசுக்குக்கு வினிகரைவிடச் சோப்பே மேல். வினிகர் அடிக்கடி பட்டால் பாலிஷும் மங்கும். வினிகரைப் பிளீச்சோடு மட்டும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: ஒரு கதவு கைப்பிடிப் பக்கம் கீழே இறங்கி, பக்கத்துக் கதவில் உரசுது. ஆசாரியைக் கூப்பிடணுமா சார்?

பதில்: முதலில் கதவைக் கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். கீல் அசையாமல் இருந்தால் நீங்களே சரிசெய்துவிடலாம். உள்பக்கக் கீலில் பொதுவாகக் கதவை ஒட்டி இருக்கும் திருகு பக்கவாட்டுக்கு, பின்னால் இருப்பது கதவை முன்னே பின்னே நகர்த்த, கேபினெட்டின் பக்கப் பலகையில் பதிந்த அடித்தட்டில் இருப்பவை உயரத்துக்கு. கைப்பிடிப் பக்கம் இறங்கியிருந்தால், மேல் கீலின் பக்கவாட்டுத் திருகைக் கால் சுற்று திருப்பிக் கதவை மூடிப் பாருங்கள். கதவின் மேல்பகுதி கீல் பக்கமாக இழுபடும் திசைதான் சரி. போதாவிட்டால் கீழ்க் கீலில் அதற்கு எதிர்த்திசையில் கால் சுற்று. ஒரே மூச்சில் நாலு சுற்று திருப்பினால் எங்கே ஆரம்பித்தோம் என்பதே தெரியாமல் போகும்.

கேள்வி (அவரே): தூக்கிப் பார்த்தேன் சார், கீல் தட்டே ஆடுது. திருகு சும்மா சுத்துது.

பதில்: துளை தேய்ந்துவிட்டது. பெரிய திருகு போடத்தான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் 18 மி.மீ. பலகையில் 20 மி.மீ. திருகு மறுபக்கம் எட்டிப்பார்க்கும். திருகைக் கழற்றி, பல்குத்தும் குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளை நிறையும் மட்டும் செருகி, பரப்போடு மட்டமாக வெட்டுங்கள். 24 மணி நேரம் காயட்டும். பிறகு 2.5 மி.மீ. துரப்பணத்தால் வழிவிட்டு, பழைய 3.5×16 மி.மீ. திருகையே கையால் முடுக்குங்கள். மெஷின் வைத்தால் மறுபடி தேயும்.

கேள்வி: சின்க்குக்கு அடியில் பார்ட்டிகிள் போர்டு உப்பிப்போச்சு. காய வைத்தால் அமுங்குமா?

பதில்: அமுங்காது. அழுத்தி ஒட்டிய மரத்தூள் ஈரம் குடித்து விரியும்போது உள்ளே பசைப்பிடிப்பு அறுந்துவிடுகிறது. காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும். அதற்கு முன் கசிவைக் கண்டுபிடியுங்கள்: குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் உலர்ந்த டிஷ்யூவைச் சுற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்தால், நனைவது எது என்று தெரிந்துவிடும். புதுப் பலகைக்குக் கொதிநீர் தாங்கும் பிளைவுட் போடுங்கள். குழாய்க்காக வெட்டிய துளையின் விளிம்பிலும் சிலிக்கான் பூசச் சொல்லுங்கள். தண்ணீர் நுழைவது அந்த வெட்டுவாயில்தான்.

கேள்வி: டிராயர் கரகரன்னு இழுபடுது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: கூடாது. எண்ணெயும் தூசியும் சேர்ந்து, டிராயர் ஓடும் சேனலில் களிம்பாகிவிடும். தூசியை உறிஞ்சி எடுத்து, துணியால் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே ஒரே ஒரு தடவை. மெதுவாக மூடும் வகையானால், வேகத்தைத் தணிக்கும் டேம்பரில் எதுவும் படக்கூடாது.

கேள்வி: மர அலமாரித் தட்டில் மாவு மாதிரி உதிருது. கரையானா?

பதில்: விரலில் தேய்த்துப் பாருங்கள். பவுடர் போல நைஸாக இருந்து, மரத்தில் குண்டூசித் தலை அளவு துளைகள் இருந்தால், அது மரத்தைத் துளைக்கும் உளுவண்டு. கடுகைவிடச் சின்னக் குருணையாக உதிர்ந்தால் உலர்மரக் கரையான். துடைத்துவிட்டு அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் கவனியுங்கள். புதிதாக விழுந்தால் பூச்சி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அப்போது மேலே வார்னிஷ் அடிப்பதில் பயனில்லை. பூச்சி மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள்.