மாலை நேர மலைப் படம்: ஃபில்டர் செட் வாங்கலாமா?

கேள்வி: கேனான் 1500டி கேமராவும் 18-55, 55-250 லென்ஸ்களும் வைத்திருக்கிறேன். கொடைக்கானலில் சாயங்காலம் எடுக்கும் படங்களில் வானம் வெளுத்துப்போகிறது. வானத்தைச் சரிசெய்தால் மலை கரியாகிவிடுகிறது. யூவி, போலரைசர், பாதி கறுப்பான ஜிஎன்டி மூன்றும் சேர்ந்த 58 மி.மீ. செட்டைக் கடையில் காட்டினார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை டிரைபாடில் (கேமராவைத் தாங்கும் முக்காலியில்) போடுங்கள்.

செட்டில் உங்கள் குறைக்கு மருந்து, வானப் பகுதியை மட்டும் இருட்டாக்கும் ஜிஎன்டி மட்டும்தான். ஆனால் திருகி மாட்டும் வட்டக் கண்ணாடியில் கறுப்பு முடியும் இடம் எப்போதும் படத்தின் நடுவிலேயே நிற்கும். மலைமுகடு அதற்கு மேலே இருந்தால் மலையின் தலையும் சேர்ந்து கறுக்கும். யூவி கண்ணாடி சூரியனுக்கு எதிரே ஒளிப்புள்ளிகளைத்தான் கூட்டும். வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர், சூரியனுக்குப் பக்கவாட்டில் திரும்பி எடுத்தால் வேலை செய்யும். அஸ்தமனத்தை நோக்கி எடுக்கையில் பயனில்லை, ஒரு ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சத்தையும் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது).

டிரைபாட் இருந்தால் ஃபில்டரே இல்லாமல் சமாளிக்கலாம். ராவ் (கேமரா பதப்படுத்தாத கோப்பு), ஐஎஸ்ஓ 100 (ஒளி உணர்திறன்), எஃப்/8 (லென்ஸ் துளை அளவு) வைத்து, படத்துக்குப் படம் வெளிச்ச அளவைத் தானாக மாற்றும் ஏஇபி-யில் –2, 0, +2 என மூன்று படம் எடுத்துக் கணினியில் இணையுங்கள். இரண்டு விநாடி டைமர் போடுங்கள், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். காற்றில் மரக்கிளை ஆடினால் மட்டும் இணைத்த படத்தில் இலைகள் இரட்டையாகத் தெரியும்.

அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் ஜிஎன்டி தேவை. மேலும் கீழும் நகர்த்தக்கூடிய 100 மி.மீ. அகலச் செவ்வகக் கண்ணாடி, ஹோல்டர், 58 மி.மீ. வளையம் என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் இரண்டு லென்ஸுக்கும் ஒரே வளையம் போதும். அடர்த்தி 0.9, அதாவது மூன்று ஸ்டாப்; கறுப்பு மெல்ல மங்கி முடியும் சாஃப்ட் எட்ஜ். கறுப்பு சட்டென முடியும் ஹார்டு எட்ஜ் கடலுக்குச் சரி, ஏறி இறங்கும் முகட்டுக்கு ஆகாது. வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பாருங்கள்: கறுப்புப் பகுதியில் ஊதாவோ பழுப்போ அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லென்ஸ் எஸ்டிஎம் வகை (பெயரில் STM என்று இருக்கும்) இல்லையென்றால் ஃபோகஸ் ஆகும்போது முன்பகுதி சுழலும், ஃபில்டரும் சாயும். ஃபோகஸ் செய்து, கைமுறை ஃபோகஸான எம்எஃப்-க்கு மாற்றிய பிறகே ஃபில்டரை நேராக்குங்கள்.

டிரைபாடைக் கடையிலேயே சோதியுங்கள். நடுத்தண்டை உயர்த்தாமல், 55-250 மாட்டிய கேமராவை வைத்து 250-க்கு இழுங்கள். பின்திரையில் காட்சி தெரியும் லைவ் வியூவை 10 மடங்கு பெருக்கி, டிரைபாடின் காலை லேசாகத் தட்டுங்கள். ஓரிரு விநாடியில் ஆட்டம் அடங்க வேண்டும். கேமரா பொருந்தும் டிரைபாடின் தலையை இறுக்கிய பின் படம் மெல்லக் கீழே இறங்கினால் அந்த மாடல் வேண்டாம்.

இறக்குமதிப் பொருளென்றால் பெட்டியில் எம்ஆர்பி, இறக்குமதியாளரின் பெயர், முகவரி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். குறையுள்ள பொருளைக் கடை மாற்றித் தர மறுத்தால், பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.