வாசகர் கேள்வி – பதில்: மாணவர்களுக்கு எந்தக் காணொளித் தொகுப்பு மென்பொருள்?

கேள்வி: நான் ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கழகப் பொறுப்பாசிரியை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள லிட்டில் இந்தியாவின் பழைய கடைகளைப் பற்றி எங்கள் மாணவர்கள் ஐந்து நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரிக்கப் போகிறார்கள். படமெடுக்கக் கைப்பேசிகள் இருக்கின்றன, தொகுப்பதற்குத்தான் வழியில்லை. கணினிக் கூடத்தில் இருப்பவை 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய விண்டோஸ் கணினிகள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஓரளவு பணம் தர முன்வந்துள்ளது. சந்தா கட்டி நல்ல மென்பொருளாக வாங்குவதா, இலவசமாகக் கிடைப்பதைக் கொண்டே சமாளிப்பதா?
– ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: சங்கத்தின் பணத்தை மென்பொருளில் போட வேண்டாம் என்பதே என் கருத்து. அடோபி பிரீமியர் போன்றவை சந்தா முறையில் இயங்குபவை. பணம் கட்டுவது நின்றால் பயன்பாடும் நின்றுவிடும். அடுத்த ஆண்டு சங்கத்தின் நிர்வாகம் மாறி, செலவுக்கு ஒப்புதல் கிடைக்காமல் போனால், மாணவர்கள் பழகிய கருவி அவர்கள் கையில் இருக்காது. அதைவிட முக்கியமானது, பள்ளியில் கற்றதை மாணவர் வீட்டுக் கணினியிலும் செய்து பார்க்க முடிய வேண்டும் என்பது. வீட்டில் சந்தா கட்ட எத்தனை பெற்றோரால் இயலும்?

இலவசம் என்றதும் பலரும் டாவின்சி ரிசால்வைத்தான் சொல்வார்கள். அதன் இலவசப் பதிப்பு காணொளியின் மேல் தன் பெயரை நீர்க்குறியாகப் பதிக்காது. நிறத் திருத்தத்தில் அதற்கு இணையானவை குறைவு. ஆனால், அது குறைந்தது 16 ஜிபி நினைவகத்தையும் நல்ல வரைகலை அட்டையையும் எதிர்பார்க்கிறது. உங்கள் கூடத்துக் கணினிகள் அதற்கு ஈடுகொடுக்கமாட்டா. மென்பொருள் நின்று நின்று ஓடும்போது மாணவர் கற்பது பொறுமையைத்தான், தொகுப்பை அல்ல.

ஆகவே, நான் பரிந்துரைப்பது ஷாட்கட். இது இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். முழு எச்டி தரத்தில் தொகுக்க 8 ஜிபி நினைவகம் போதும் என்று அதன் தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். இதில் நிறுவத் தேவையில்லாத ஒரு பதிப்பும் உண்டு. சுருக்கப்பட்ட கோப்பைப் பென்டிரைவில் விரித்து வைத்து அங்கிருந்தே இயக்கலாம். கூடத்துக் கணினிகளின் நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைந்த ஆசிரியர்களுக்கு இதன் அருமை புரியும். கேடென்லைவ் (Kdenlive) என்பதும் இதே தரத்தில் உள்ள இலவச மென்பொருள்தான். பல அடுக்குகளில் வேலை செய்யப் பழகியவர்களுக்கு அது வசதியாக இருக்கும். முதன்முறை தொடுபவர்களுக்கு ஷாட்கட்டே போதும்.

எதைத் தேர்ந்தாலும், வகுப்புக்கு முன் நீங்களே இரண்டைச் சோதித்துப் பாருங்கள். முதலாவது, தமிழ்த் தலைப்பு. 'கோயில்', 'பௌர்ணமி', 'ஸ்ரீ' ஆகிய மூன்றையும் தட்டச்சு செய்யுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றாலோ, 'ஸ்ரீ' உடைந்து தெரிந்தாலோ வேறு எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் அந்த மென்பொருளைக் கைவிடலாம். இரண்டாவது, ஒலி. கைப்பேசிகள் பெரும்பாலும் நொடிக்கு இத்தனை படங்கள் என்ற கணக்கைச் சீராக வைத்திருப்பதில்லை. அதனால், நீளமான பேட்டியில் போகப் போக வாயசைவும் குரலும் விலகலாம். இத்தகைய கோப்பைத் திறக்கும்போது, தொகுப்புக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றலாமா என்று ஷாட்கட் கேட்கும். மாணவர்கள் அவசரத்தில் அதை மூடிவிடாமல் ஒப்புக்கொள்ளப் பழக்குங்கள்.

மாணவர்கள் தவறாமல் இடறும் இடம் ஒன்று உண்டு. திட்டக் கோப்பைச் சேமித்தால் படங்களும் அதற்குள் சேர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். உண்மையில், எந்தப் படம் எங்கே இருக்கிறது, எங்கே வெட்டப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கும். திட்டக் கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால், அங்கே படங்களைக் காணவில்லை என்ற அறிவிப்புதான் வரும். முதல் வகுப்பிலேயே குழுவுக்கு ஒரு கோப்புறை திறந்து, படம், ஒலி, திட்டக் கோப்பு அனைத்தையும் அதற்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். நகலெடுக்கும்போது கோப்புறையை முழுதாக எடுக்கட்டும்.

சங்கம் தரும் பணத்துக்குச் சட்டையில் குத்தும் ஒலிவாங்கி இரண்டும், வெளிப்புற வன்தட்டு ஒன்றும் வாங்குங்கள். லிட்டில் இந்தியாவின் லெபோ பாசார் தெருவில் கடைக்குக் கடை பாட்டு அலறும். அந்தச் சத்தத்தில் கைப்பேசியை நீட்டிக் கடைக்காரரின் குரலைப் பதிவு செய்தால், பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. வன்தட்டும் வீண்செலவு அல்ல. ஐபோனில் எச்.264 வடிவத்தில் எடுக்கும் முழு எச்டி காணொளி, நொடிக்கு 30 படங்கள் என்ற கணக்கில், நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 எம்பி இடம் பிடிக்கும்.

கேள்வி: ஆரம்பப்பள்ளி மாணவர்களுக்கு இவையெல்லாம் கடினமாக இருக்காதா? கைப்பேசியில் கேப்கட் செயலி போதாதா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கேப்கட்டின் விதிப்படி பயனர் 13 வயதை எட்டியிருக்க வேண்டும், ஆரம்பப்பள்ளிக்கு அது பொருந்தாது. அதன் பல வசதிகளும் இப்போது கட்டணத்துக்குப் போய்விட்டன. கல்வியமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவில் கணக்கு வைத்திருக்கும் மாணவர்கள், ஆசிரியர் வழிகாட்டலில் கேன்வா என்ற இணைய வடிவமைப்புக் கருவியின் கல்விப் பதிப்பை இலவசமாகப் பயன்படுத்தலாம். படங்களை வரிசைப்படுத்தி, முன்னும் பின்னும் வெட்டி, குரல் சேர்க்கும் அளவுக்கு அது தாராளமாகப் போதும்.