டார்ஜிலிங் டீயில் சாயம் இறங்கவில்லையா?

வணக்கம். 100 கிராம் டார்ஜிலிங் முதல் பறிப்பு வாங்கிப் பாலோடு கொதிக்கவிட்டீர்கள், சாயமே இறங்கவில்லை, போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் போலி என்று சொல்ல மாட்டேன். மார்ச், ஏப்ரலில் பறிக்கும் அந்த இளந்தளிரை நன்றாக வாட்டிவிடுவதால் இலை முழுக்கக் கறுக்காது. பிரித்துப் பார்த்தால் பச்சையும் கலந்திருக்கும். சாயம் வெளிர் பொன்னிறத்தில்தான் வரும். அதன் அருமையே பூ வாசம். பால் ஊற்றினால் அது போயே போய்விடும்.

மிச்சத்தை இப்படிப் போட்டுப் பாருங்கள். கொதித்த தண்ணீரை இரண்டு நிமிடம் ஆறவிட்டு, 200 மில்லிக்கு இரண்டரை கிராம் இலை போட்டு மூடி வையுங்கள். மூன்றே நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் துவர்த்துவிடும். பால், சர்க்கரை வேண்டாம். முதல் வாய் சப்பென்று தோன்றலாம்; கொஞ்சம் ஆறவிட்டுக் குடியுங்கள், மணம் அப்போதுதான் தெரியும்.

அப்புறம், பால் டீக்கு அசாம் சி.டி.சி. தூளே சரி (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் குருணைத் தூள்). அசாமில் இருப்பது அகன்ற இலைச் செடி, சாயமும் திடமும் அதிகம். டார்ஜிலிங்கில் பெரும்பாலும் சீன வகைச் சிற்றிலைச் செடிதான். டார்ஜிலிங்கே வேண்டுமென்றால் மே, ஜூனில் வரும் இரண்டாம் பறிப்பு வாங்குங்கள். நிறம் கூடும், பழ வாசம் வரும். ஆனால் அதையும் பாலில் கொதிக்கவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், பால் இல்லாமல் குடித்துப் பழக நீலகிரி முழு இலைதான் நல்ல தொடக்கம். துவர்ப்பு குறைவு. ஆறினாலும் அவ்வளவாகக் கலங்காது, ஐஸ் டீக்கும் அதையே எடுக்கலாம்.