நடுநிலை அணுவை வெளிப்புலம் என்ன செய்யும்? தென்னாப்பிரிக்க வாசகர்களின் கேள்வி பதில்

சேட்ஸ்வொர்த் மாணவி: ஐயா, அணுவின் மொத்த மின்னூட்டம் பூஜ்யம். அப்புறம் மின்புலம் அதை என்ன செய்யும்?

மொத்தம்தான் பூஜ்யம், அம்மா. உள்ளே கருவும் எலக்ட்ரான் மேகமும் தனித்தனி. புலம் கருவை ஒரு பக்கமும் மேகத்தை எதிர்ப்பக்கமும் இழுக்கும். மேகம் லேசாகச் சாயும். எவ்வளவு? காற்றில் பொறி பறக்க மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் வேண்டும். அந்தப் புலத்தில்கூட ஹைட்ரஜன் மேகத்தின் நடு நகர்வது ஏறக்குறைய ஒரு புரோட்டான் அகலம். அணுவுக்குள் கரு எலக்ட்ரானைப் பிடித்திருக்கும் புலம் மீட்டருக்கு 51,000 கோடி வோல்ட் ஆயிற்றே! ஒன்று மட்டும்: எலக்ட்ரான், சூரியனைச் சுற்றும் கோள்போலக் கருவைச் சுற்றுவதல்ல. அந்தப் படத்தை மறந்துவிடுங்கள்.

பீனிக்ஸ்: வீட்டருகே உயர் அழுத்தக் கம்பி போகிறது. உடம்பின் அணுக்கள் கலையுமா?

கலையாது. கம்பிக்குக் கீழே தரையில் மீட்டருக்கு 10,000 வோல்ட் இருந்தாலும், அணுவின் சொந்தப் புலத்தில் அது 5 கோடியில் ஒரு பங்கு. பிள்ளைகளை அங்கே பட்டம் விட விடாதீர்கள். அந்த ஆபத்து நிஜம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: காந்தப்புலம்?

அணு உமிழும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தனித்தனிக் கோடுகள் தெரியும். 1896-இல் டச்சு இயற்பியலாளர் சீமன் சோடியத்தின் மஞ்சள் கோடுகள் காந்தத்தில் அகலமாவதைக் கண்டார். மின்புலத்தில் ஹைட்ரஜன் கோடுகள் பிரிவதை 1913-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஸ்டார்க் காட்டினார். நான் வகுப்பில் செய்வது இது: உப்பு தோய்த்த கம்பியைச் சுடரில் பிடித்து, பின்னால் சோடியம் விளக்கை வைப்பேன். வெள்ளைத் தாளில் சுடருக்கே கறுப்பாக நிழல் விழும். சுடரின் இருபுறமும் உள்ள வலுவான மின்காந்தத்தைப் போட்டதும் நிழல் வெளுக்கும். அணுவில் எலக்ட்ரான் இருக்கக்கூடிய ஆற்றல் படிகள், அதாவது ஆற்றல் மட்டங்கள், நகர்ந்துவிட்டதால், சுடரிலுள்ள அணுக்கள் அந்த விளக்கொளியை முன்போல விழுங்குவதில்லை.

ஜோகன்னஸ்பர்க்: முதல் பதில் தவறு. நடுநிலை அணுமீது விசையே கிடையாது.

சீரான புலத்தில் நிகர விசை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விசை இல்லை என்பதும் உருமாற்றம் இல்லை என்பதும் ஒன்றல்ல. புலம் ஒரு பக்கம் வலுத்தால் விசையும் வரும். தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கிறதே!

அவரே: காகிதம் தனி அணுவா?

சரி, தனி அணுவுக்கே வருகிறேன். 1986-இல் அமெரிக்காவில் குளிர்வித்த சோடியம் அணுக்களை ஒரு லேசர் குவியத்திலேயே பிடித்து வைத்தார்கள். பிடித்தது ஒளியின் மின்புலம். பிடி கொடுத்தது நான் சொன்ன அதே சாய்வு. அணுக்களோ நடுநிலை.

டர்பன்: கைபேசி அணுவைக் கலைக்குமா? கையில் போடும் காந்தக் காப்பு ரத்தத்தைச் சீராக்குமா?

பீனிக்ஸுக்குச் சொன்னதைப் படியுங்கள். காப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள்; மருத்துவரைப் பாருங்கள்.

சேட்ஸ்வொர்த், மறுபடி: சுற்றுப்பாதை நீள்வட்டமாகுமா?

பாதையே இல்லை, அம்மா. மேகம்.

டொங்காட்: சுலபமாகக் கலையும் அணுவே இல்லையா?

உண்டு. ஓர் எலக்ட்ரானை நூறாவது மட்டத்துக்கு ஏற்றுங்கள். அணு இன்னமும் நடுநிலைதான், ஆனால் பத்தாயிரம் மடங்கு பெருத்திருக்கும். சென்டிமீட்டருக்குச் சில வோல்ட் போதும், எலக்ட்ரான் பிய்ந்து போய்விடும். டார்ச் பேட்டரிகளே அதைத் தரும்.