நோபீன் மொழியும் நூபிய மக்களும்: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): நோபீன் என்பது அரபு மொழியின் வட்டார வழக்கா?

பதில்: இல்லை. எகிப்தின் தெற்கிலும் சூடானின் வடக்கிலும் நைல் கரையில் வாழ்ந்துவரும் நூபியர்களின் மொழிகளுள் அது ஒன்று. அமெரிக்க மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1963-இல் வகுத்த நைல்-சகாரா குடும்பத்தில் அதை வைக்கிறார்கள். அக்குடும்பம் முழுவதும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் நூபிய மொழிகள் தமக்குள் உறவுடையவை என்பதில் ஐயமில்லை.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): அதற்கு எழுத்து உண்டா, ஐயா?

பதில்: எழுத்தில்லாத மொழி என்று பலர் எழுதிவிடுவது வருத்தம் தருகிறது. நோபீனின் முன்னோடியான பழைய நூபியம், ஏறத்தாழ 8 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை, கிறித்தவ மகூரியா அரசில் எழுதப்பட்டது. சமய நூல்கள் மட்டுமன்றி, நில விற்பனைப் பத்திரங்களும் கடிதங்களும் எகிப்திய நூபியாவின் பழைய கோட்டை நகரான கஸ்ர் இப்ரிமில் நடந்த அகழாய்வில் கிடைத்துள்ளன. கிரேக்க எழுத்துகளோடும், எகிப்தியக் கிறித்தவர்களின் கொப்திய எழுத்துகளோடும், ங, ஞ போன்ற ஒலிகளுக்குத் தனி எழுத்துகளும் அதில் இருந்தன. பின்னாளில் வழக்கொழிந்த அவ்வெழுத்தை இன்றைய நோபீனுக்கு மீட்டுத்தர உழைத்தவர் நூபிய அறிஞர் முக்தார் கலீல் கப்பாரா. 2005 முதல் அது யூனிகோடிலும் இடம்பெற்றுள்ளது.

கேள்வி (பொறியாளர்): அஸ்வான் அணை மொழியை எப்படிப் பாதித்தது?

பதில்: 1902-இல் கட்டி முடிக்கப்பட்டு, 1912-இலும் 1933-இலும் உயர்த்தப்பட்ட முதல் அணையே விளைநிலங்களை மூழ்கடித்தது. ஆண்கள் கெய்ரோவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் வேலை தேடிப் போக, ஊரில் தங்கிய பெண்களும் முதியோரும்தான் மொழியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பின்னர் அஸ்வானிலேயே எழுந்த இரண்டாவது அணையான உயர் அணைக்காக 1963, 1964-ஆம் ஆண்டுகளில் எகிப்திய நூபியர் ஏறத்தாழ 50,000 பேர் அஸ்வானுக்கு வடக்கிலுள்ள கோம் ஓம்போ பகுதிக்கும், வாடி ஹல்ஃபா வட்டாரத்தின் சூடானிய நூபியர் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் தொலைவில் கிழக்குச் சூடானிலுள்ள கஷ்ம் எல் கிர்பாவுக்கும் அனுப்பப்பட்டபோது, அந்த ஊர்களே இல்லாமற்போயின. புதிய குடியிருப்புகளில் பள்ளி, சந்தை, அலுவலகம் அனைத்தும் அரபு. எனவே பேசுவோரின் அக்கறையின்மையால் மொழி நலிகிறது என்று குற்றம் சாட்டுவது அநியாயம். மூதாதையர் வாழ்ந்த பகுதிகளுக்கு நூபியரைப் பத்தாண்டுகளுக்குள் திரும்பக் கொண்டுவருவதாக எகிப்தின் 2014 அரசியலமைப்பு உறுதியளித்தது. பத்தாண்டு கடந்தும் அது நிறைவேறவில்லை.

கேள்வி (மொழி ஆர்வலர்): தமிழர் கற்பது கடினமா?

பதில்: வினை இறுதியில் வரும், வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின் வரும், ஆகவே தொடரமைப்பு நமக்கு அந்நியமாகத் தோன்றாது. உயர்ந்தும் தாழ்ந்தும் ஒலிக்கும் இருவகைத் தொனிகள் பொருளை மாற்றக்கூடியவை என்பதால், நூலை மட்டும் நம்பாமல் பேசுவோரின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கற்பதே முறை.