மாட்டுப் பல் கணக்கு குதிரைக்கு ஆகாது

கேள்வி: வண்டிக்காக ஆண் குதிரைக்குட்டி ஒன்று வாங்கி மூன்று வாரம் ஆகிறது. மூன்று முடிந்து நாலு நடக்கிறது என்று சொல்லி, உதட்டைத் தூக்கிப் பல்லையும் காட்டினார் தரகர். நான் மாடு வளர்த்துப் பழகியவன். இரண்டு பல் என்றால் இரண்டு வயதுதானே என்று தோன்றுகிறது. மேல் வரிசை நடுவில் பெரிய பற்கள் இரண்டு பாதி இறங்கி நிற்கின்றன. கீழே ஒரு பல் விழுந்து புதுப்பல்லின் முனை தெரிகிறது, பக்கத்துப் பல் ஆடுகிறது. சரியான வயது என்ன? வண்டியில் பூட்டலாமா? படம் அனுப்பியிருக்கிறேன். பின்குறிப்பு: கடிவாளம் போட்டால் தலையை உதறுகிறது. ஒரு வாரமாகப் புல்லை மென்று, விழுங்காமல் உருண்டை உருண்டையாகக் கீழே போடுகிறது.

பதில்: வயது இரண்டரையைத் தொட்டு நிற்கிறது, மூன்று ஆகவில்லை. தரகர் ஒரு வருடம் கூட்டிச் சொல்லிவிட்டார், நீங்கள் அரை வருடம் குறைத்துவிட்டீர்கள்.

மாட்டுக்குக் கீழ்த்தாடையில் மட்டும்தான் முன்பல், அதுவும் எட்டு. முதல் ஜோடி ஏறக்குறைய இரண்டு வயதில் விழுந்து முளைக்கும். அந்த இரண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது (எட்டும் மாறி முடிந்தது) என்ற பேச்சைக் குதிரையிடம் கொண்டுபோனால் ஏமாற்றம்தான். குதிரைக்கு மேலே ஆறு, கீழே ஆறு. நடுப்பற்கள் இரண்டரை வயதிலும், அதற்கு அடுத்தவை மூன்றரையிலும், கடைசியில் இருப்பவை நாலரையிலும் மாறும். முளைத்த பல் முழுசாக வளர்ந்து எதிர்ப்பல்லோடு உரச இன்னும் ஆறு மாதம் பிடிக்கும். மூன்று முடிந்த குதிரை என்றால் நாலு நடுப்பல்லும் ஒன்றோடொன்று முட்டி, விளிம்பு தேயத் தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் குட்டிக்குக் கீழ்ப்பல் இப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு வருகிறது. தரகர் காட்டிய அதே பல்தான் அவருக்கு எதிரான சாட்சி.

கொஞ்சம் முன்பின் ஆகலாம், சில குட்டிகளுக்குச் சில மாதம்கூட. ஒரு வருடம் ஆகாது.

பால் பல்லா, நிலைப்பல்லா என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெட்டைக் குதிரையின் வாயைப் பார்த்துவிட்டு, ஆறு பல்லும் அழகாக வரிசை சேர்ந்திருக்கிறது, ஐந்து வயது என்று உரக்கச் சொன்னேன். பின்னால் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார். "தம்பி, அது எங்க கொட்டில்லயே பிறந்தது. இன்னும் ரெண்டு முடியல." இரண்டு வயதிலும் வாய் நிறைந்திருக்கும், ஐந்திலும் நிறைந்திருக்கும். முன்னது முழுக்கப் பால் பல், பின்னது முழுக்க நிலைப்பல். ஆண் குதிரை என்றால் நாலு, ஐந்து வயதுக்குள் கோரைப்பல் முளைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பெட்டைக்குப் பெரும்பாலும் அது வெளியே வருவதே இல்லை, அதனால்தான் நான் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து பல்லை எண்ணுவதற்கு முன் பல்லின் கழுத்தைப் பார்க்கிறேன். பால் பல் சிப்பி போல வெள்ளையாக, ஈறைத் தொடும் இடத்தில் இடுப்பு சிறுத்து இருக்கும். நிலைப்பல் அகலமாக, மஞ்சள் பூத்து, மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனாக, முகத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளக் கோட்டோடு இருக்கும். உங்கள் படத்தில் நடுவில் இருப்பதும் பக்கத்தில் இருப்பதும் இரண்டு வேறு விலங்கின் பல் மாதிரித் தெரிகிறதே, அந்த வித்தியாசம்தான்.

தரகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டியை வேலைக்குத் தயார் என்று காட்டுவதற்காகப் பால் பல்லைக் குறடு வைத்துப் பிடுங்குகிறவர்கள் இன்றும் உண்டு. அப்படிப் பிடுங்கிய வாயைக் கண்டுபிடிக்க நடுப்பல்லைப் பார்த்துப் பயனில்லை, முன்வரிசையின் ஓரத்தில் இருக்கும் கடைசிப் பால் பல்லைப் பாருங்கள். அது ஆறு முதல் ஒன்பது மாதத்தில் முளைப்பது. ஒரு வயதில் மேலும் கீழும் சேராமல் நிற்கும், இரண்டு வயதுக்குள் விளிம்பு முழுக்கத் தேய்ந்துவிடும். நடுவில் பல் விழுந்து, கடைசிப் பால் பல்லின் பின் ஓரம் மட்டும் தேயாமல் கூராக இருந்தால், அந்தப் பல் தானாக விழவில்லை. உங்கள் குட்டியில் புதுப்பல் மேலும் கீழும் ஒழுங்காக வருவதால் அந்தச் சந்தேகம் எனக்கு இல்லை. இவர் பல்லைத் தொடவில்லை, வாயால் மட்டும் ஒரு வருடம் கூட்டினார்.

சரி, நீங்கள் பின்குறிப்பில் தள்ளிய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அவசரமாகப் பட்டது அதுதான்.

முன்பல் மாறும்போது உள்ளே கடைவாயும் சும்மா இருப்பதில்லை. இரண்டரை வயதில் கடைவாய் வரிசையின் முதல் பால் பல், மூன்றில் அடுத்தது, நாலில் அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கழலும். முன்னும் உள்ளும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு வருடத்துக்குள் 24 பால் பற்கள் போகின்றன. கடைவாயில் பழைய பல் முழுசாக விழாமல், புதுப்பல்லின் தலையில் தொப்பி போல உட்கார்ந்து ஆடும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஈறைக் குத்தும். அந்த வாயால் புல்லை அரைக்க முடியுமா? அரைகுறையாக மென்று உருண்டையாகத் துப்பத்தான் முடியும். போதாததற்கு மேல்வரிசை முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால், உளுந்து போல ஒரு சின்னப் பல் சில குதிரைகளுக்கு இருக்கும். ஓநாய்ப்பல் என்பார்கள். கடிவாள இரும்பு வந்து உட்காரும் இடத்துக்கு ஒட்டியே அது நிற்கும்.

இப்படிப்பட்ட வாயில் இரும்பைப் போட்டுவிட்டு, தலையை உதறுகிறது, முரட்டுக் குட்டி என்கிறோம். சேணக்கடையில் போய்ச் சொன்னால் முறுக்குக் கம்பிக் கடிவாளத்தை எடுத்து நீட்டுவார்கள். பல் வலி வந்தவன் வாயில் உலக்கையைத் திணிப்பதுபோல. இதில் நான் பிடிவாதக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன்: பல் மாறும் வயதில், வாயை ஒரு கால்நடை மருத்துவர் கைவிட்டுப் பார்க்காமல் இரும்பு ஏறக்கூடாது. மூக்குப்பட்டையிலும் தலைக்கயிற்றிலும் நீளக் கயிறு கட்டிப் பின்னால் நடந்தே நில், நட, திரும்பு எல்லாம் சொல்லிக்கொடுக்கலாம். வாய் ஆறிய பிறகு இரும்பு போட்டால் இரண்டே நாளில் பழகிவிடும். வாய் புண்ணாக இருந்தபோது கற்றுக்கொண்ட உதறலை மறக்கடிக்க மாதக்கணக்கில் ஆகும். பல் சீக்கிரம் முளைக்கக் கால்சியம் டானிக் என்று யாராவது புட்டியோடு வந்தால், தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மருத்துவரிடம் தொப்பிப் பல்லையும் ஓநாய்ப்பல்லையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வாயைத் திறந்து பிடிக்கும் கருவியும் மயக்க ஊசியும் அவரிடம்தான் இருக்கும். தொப்பி கழலும் பதத்தில் இருந்தால் எடுத்துவிடுவார். பதம் வராததைக் குறடு போட்டு இழுத்தால் கீழே வளரும் பல் கெடும், நீங்கள் கைவைக்காதீர்கள். கீழ்த்தாடையின் அடியில் இரண்டு பக்கமும் முடிச்சு போலத் தட்டுப்பட்டால் அது பல் வேர் வளரும் வீக்கம். சூடும் சீழும் இல்லாதவரை விட்டுவிடுங்கள். அதற்குச் சூட்டுக்கோல் வைக்கச் சொல்கிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

வண்டி? இப்போது வேண்டாம். முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் இடம், மூடுவதே இரண்டு, இரண்டரை வயதில்தான். முதுகெலும்பு ஐந்து வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கும். அடுத்த ஜோடிப் பல் விழும்வரை வெறும் நடை. அப்புறம் காலி வண்டி, சமதரை, கொஞ்ச நேரம். பாரம் ஏற்றுவதை முன்வரிசையின் கடைசிப் பல்லும் மாறிச் சேர்ந்த பிறகு பேசலாம்.

மூன்று மாதம் கழித்து மறுபடி படம் அனுப்புங்கள். வாயைப் பிளக்க வேண்டாம், பக்கவாட்டில் உதட்டை மட்டும் ஒதுக்கினால் போதும். கட்டைவிரலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்தப் படத்தில் கடைசிப் பல்லை அதுதான் மறைத்துக்கொண்டிருக்கிறது.