சுன் ஜிஹாய் ஜெர்சி விற்க வந்தவரா, ஆட வந்தவரா?

கே: சீனக் கால்பந்து என்றாலே தோல்விக் கதைதான் காதில் விழுகிறது. வெளியே போய் உருப்படியாக ஆடிய ஒரு டிஃபெண்டராவது உண்டா?

ப: இரண்டு பேரைச் சொல்லலாம், அவர்கள் ஒரே ஆண்டில் ஒரே கிளப்புக்குப் போனவர்கள். 1998-ல் ஃபான் ஜியி, சுன் ஜிஹாய் இருவரையும் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் வாங்கியது. டெரி வெனபிள்ஸ்தான் அப்போது அங்கே பயிற்சியாளர். ஃபான் ஷாங்காய்க்காரர், முப்பதை நெருங்கியவர், நாட்டுக்காக நிறைய ஆடி முடித்தவர். சுன் தாலியான் நகரத்துப் பையன், 1977 செப்டம்பரில் பிறந்தவர், அதாவது இங்கிலாந்துக்குப் போகும்போது 21 வயதை ஒட்டியவர்தான். ஆனால் சும்மா போகவில்லை. 1996-ல் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் பட்டம் வென்ற தாலியான் வாண்டா அணியிலிருந்து போனார்.

போன நேரம்தான் சரியில்லை. பேலஸிடம் காசே இல்லை, 1999-ல் கடன் முற்றி கிளப்பே வேறு நிர்வாகத்தின் கைக்குப் போனது. ஃபான் 2001 வரை தாக்குப்பிடித்தார். சுன் ஒரே சீசனில் ஊர் திரும்பிவிட்டார்.

கே: மான்செஸ்டர் சிட்டி சுன்னை வாங்கியதே சீனாவில் ஜெர்சி விற்கத்தானே? மறைக்காமல் சொல்லுங்கள்.

ப: இந்தச் சந்தேகம் அன்றைக்கே இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது, ஆனால் நீங்கள் ஆளை மாற்றிப் பிடிக்கிறீர்கள். சிட்டி சுன்னை வாங்கிய அதே 2002-ல் எவர்ட்டன் என்ற இன்னொரு இங்கிலாந்து கிளப்பின் ஜெர்சியில் கெஜியான் என்ற சீன செல்போன் கம்பெனியின் பெயர் ஏறியது, அதோடு ஒட்டிக்கொண்டு லி டியே, லி வெய்ஃபெங் என்று இரண்டு சீன ஆட்டக்காரர்களும் வந்தார்கள். இதில் லி டியே நடுக்களத்தில் ஒரு முழு சீசன் நன்றாகவே ஆடினார். டிஃபெண்டரான லி வெய்ஃபெங்குக்கு லீக்கில் கிடைத்தது ஒரே ஒரு ஆட்டம்.

சுன் கதை வேறு. 2002 பிப்ரவரியில் சிட்டியின் பயிற்சியாளர் கெவின் கீகன் அவரை சுமார் 20 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியபோது சிட்டி இருந்தது பிரீமியர் லீக்குக்கு ஒரு படி கீழே, சட்டையில் சீன விளம்பரம் எதுவும் கிடையாது. அந்த சீசன் முடிவில் சிட்டி முதலிடம் பிடித்து பிரீமியர் லீக்குக்கு ஏறியது. கீகன் மூன்று டிஃபெண்டர்களைப் பின்னால் நிறுத்திவிட்டு இரண்டு ஓரத்திலும் மேலும் கீழும் ஓடுகிற ஆட்களைத் தேடுகிறவர். வலது ஓரத்துக்கு சுன் அப்படியே பொருந்தினார். வேகம் இருந்தது, அடிபட்டாலும் எழுந்து ஓடுகிற குணம் இருந்தது, தேவைப்பட்டால் இடது பக்கமும் நடுக்களத்திலும் ஆடுவார். 2002 அக்டோபரில் பர்மிங்ஹாமுக்கு எதிராக ஒரு கோல் போட்டார், பிரீமியர் லீக்கில் ஒரு சீனர் போட்ட முதல் கோல் அதுதான். 2003 ஜனவரி 1 அன்று சிட்டியும் எவர்ட்டனும் மோதிய ஆட்டத்தை, சுன்னும் லி டியேயும் எதிரெதிரே ஆடுகிறார்கள் என்பதற்காகவே, சீனாவில் கோடிக்கணக்கானவர்கள் டிவியில் பார்த்தார்கள். ஆட்டம் 2-2. டிவி பணம் வந்தது உண்மைதான், அதை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் டிவிக்காக மட்டும் ஒருவரைக் கீகனும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஆறு வருடம் வைத்துக்கொண்டு நூறு ஆட்டங்களுக்கு மேல் இறக்க மாட்டார்கள்.

கே: 2002 உலகக் கோப்பையில் சுன் என்ன செய்தார்?

ப: அரைமணி நேரம்கூட ஆடவில்லை. கோஸ்டாரிகாவுடன் முதல் ஆட்டத்திலேயே அடிபட்டு வெளியேறினார். சீனா 0-2 தோற்றது, அப்புறம் பிரேசிலிடம் 0-4, துருக்கியிடம் 0-3. அவர் இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காதீர்கள், அந்த பிரேசில் அணி கோப்பையையே தூக்கிக்கொண்டு போன அணி.

கே: அவ்வளவு நல்ல ஆட்டக்காரர் என்றால் ஏன் பெரிய பெயர் வரவில்லை?

ப: முழங்கால். 2004 அக்டோபரில் செல்சியை சிட்டி 1-0 என்று ஜெயித்தது. மொரீன்யோ பயிற்சியளித்த அந்த செல்சி அணி அந்த சீசன் முழுக்க லீக்கில் தோற்றது அந்த ஒரே ஆட்டத்தில்தான். அதில்தான் சுன்னின் தசைநார் கிழிந்தது. திரும்பி வந்தார், ஆனால் ஓரத்தில் ஏறி இறங்குகிறவருக்கு முதல் பத்து அடி வேகம் குறைந்தால் மீதி எல்லாமே குறைந்த மாதிரி. இதற்குள் வலது பக்கம் மைக்கா ரிச்சர்ட்ஸ் என்ற இளம் பையன் வந்துவிட்டான். 2008-ல் சுன் ஷெஃபீல்ட் யுனைடெட் போனார், அடுத்த ஆண்டு சீனாவுக்கே திரும்பினார். அங்கே கதை முடியவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2013-ல் குய்ஜோ ரென்ஹே அணி, அப்போது பணத்தில் மிதந்த குவாங்ஜோ எவர்கிராண்டைத் தோற்கடித்து சீன எஃப்.ஏ. கோப்பையை வென்றபோது அதில் சுன் இருந்தார். ஓய்வு பெற்றது 2016-ல், 39 வயதில்.

கே: இங்கிலாந்து கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது சாதனையாளர்களைக் கௌரவிக்கும் பட்டியலில், சுன் பெயர் இருக்கிறதாமே? தகுதியா, அரசியலா?

ப: அரசியல். 2015 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மான்செஸ்டருக்கு வந்த அதே நேரத்தில்தான் சுன்னைச் சேர்த்தார்கள், இங்கிலாந்து ரசிகர்கள் பலர் கண்ணை உருட்டினார்கள். அவரைவிட நூறு மடங்கு சாதித்த ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் அந்தக் கேலி முழுக்க சுன் தலையில் விழுந்ததுதான் அநியாயம். அவர் கேட்டு வாங்கிய இடம் இல்லை. அந்தப் பட்டத்தால் அவருடைய ஆட்டமே பொய் என்கிற மாதிரி பேச்சு வந்துவிட்டது, மழையிலும் குளிரிலும் ஓடிய அந்த ஆறு வருடத்தைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

கே: ஃபானா, சுன்னா?

ப: ஃபான். 2001-ல் ஆசியாவின் சிறந்த வீரர் விருது வாங்கியவர். ஓரத்தில் ஓட மட்டும் சுன்.

கே: இவர்களுக்குப் பிறகு ஏன் ஒரு சீன டிஃபெண்டரும் ஐரோப்பாவில் நிலைக்கவில்லை?

ப: காரணம் பெரும்பாலும் சம்பளம். 2010-க்குப் பிறகு சீன சூப்பர் லீக்கில் ரியல் எஸ்டேட் கம்பெனிகள் பணத்தைக் கொட்டின. வெளிநாட்டு வீரர்களுக்கோ எண்ணிக்கை வரம்பு உண்டு. அதனால் மீதி இடங்களுக்கு ஓரளவு ஆடத் தெரிந்த உள்ளூர்க்காரருக்குக்கூட ஐரோப்பாவின் நடுத்தர கிளப் ஒன்று கனவிலும் தராத சம்பளம் கிடைத்தது. குவாங்ஜோ எவர்கிராண்டின் டிஃபெண்டராக இருந்த ஜாங் லின்பெங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் பிரபல டிஃபெண்டர் ராமோஸோடு ஒப்பிட்டுப் பட்டப்பெயரே வைத்தார்கள், ஐரோப்பா போகிறார் என்று வருடாவருடம் செய்தி வரும். குவாங்ஜோவில் இருந்தே 2013, 2015 ஆசிய சாம்பியன்ஸ் லீக் வென்றார், கடைசிவரை போகவில்லை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, இருக்கிற இடத்தில் பட்டமும் பணமும் கிடைக்கும்போது பெஞ்சில் உட்கார யார் விமானம் ஏறுவார்கள்? அந்த குவாங்ஜோ கிளப் கடனைக் கட்ட முடியாமல் 2025 ஜனவரியில் கலைந்துபோனது.